நான் வராத கல்யாணத்தை நம் ஹாலில் பார்த்தேன்

ரகு,

நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் வாங்கிய அந்தப் பழைய கம்ப்யூட்டர் இப்போது நம் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. காலை பதினொரு மணி. அம்மா ஆபரேஷன் ஆன காலை ஸ்டூலில் நீட்டி, சின்ன கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் வகுப்பு மாறுவேடப் போட்டியில் நீ போலீஸ்காரனாக மேடையேறி வசனம் மறந்து அழுததை மூன்றாவது தடவையாகப் பார்த்துச் சிரிக்கிறாள். போனில் உன்னிடம், "சரியாயிடுத்துடா, நன்னா ஓடறது" என்று மட்டும் சொன்னேன். யார் சரிசெய்தார், எப்படிச் சரியானது என்று நீ கேட்டபோது அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். பால் இல்லை. உன் அம்மாவிடமும், நானே எழுதிச் சொல்கிறேன், அதுவரை நீ வாயைத் திறக்காதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். ஜெர்மனியில் ஆபீஸ் போகும் ரயிலில் படிக்காமல் லீவு நாளில் உட்கார்ந்து படி.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தன்று எனக்கு ஜுரம் இல்லை.

காலையில் பெசன்ட் நகர் சர்ச்சுக்குக் கிளம்பும்போது அம்மாவிடம், "நீ போ, எனக்கு முடியல" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு தனியாக ஆட்டோ ஏறிப் போனாள். நீ போன் பண்ணினாய். குரலைத் தணித்துக்கொண்டு, "ஜுரம்டா, நூறு இருக்கு" என்றேன். "ரெஸ்ட் எடுப்பா, சாயங்காலம் ரிசப்ஷனுக்கு முடிஞ்சா வா" என்றாய். நீ நம்பியதுதான் எனக்கு அன்று மிகவும் கஷ்டமாக இருந்தது. வீட்டில் உட்கார முடியவில்லை. பூட்டிக்கொண்டு மந்தைவெளி ஸ்டேஷனுக்கு நடந்தேன், பறக்கும் ரயிலில் ஏறினேன். வேளச்சேரிவரை போவேன், பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் உட்காருவேன், அடுத்த ரயிலில் திரும்புவேன். மந்தைவெளி வந்தால் இறங்காமல் அப்படியே போவேன். இப்படிப் பகல் முழுவதும். திருவான்மியூர் ஸ்டேஷன் ஒவ்வொரு தடவை வரும்போதும், இங்கே இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தால் கால் மணி நேரத்தில் உன் பக்கத்தில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கதவுப்பக்கம் போய் நின்றேன். இறங்கவில்லை.

ராத்திரி நீயும் ஜாஸ்மினும் ரிசப்ஷன் முடிந்து கல்யாணக் கோலத்திலேயே நேராக வீட்டுக்கு வந்தீர்கள். அவள் கையில் ரொட்டி, சாத்துக்குடி, மாத்திரை. நாளெல்லாம் வெயிலில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்ததால் என் முகம் நிஜமாகவே கொதித்துக்கொண்டிருந்தது. அவள் புறங்கையால் என் நெற்றியைத் தொட்டு, "அய்யோ, இன்னும் சுடுது மாமா" என்றாள். அந்தக் கையை நான் இரண்டு வருஷமாக மறக்க முடியாமல் வைத்திருக்கிறேன்.

ஏன் வரவில்லை என்று நீ கேட்கலாம். எனக்கு அப்போது பல காரணங்கள் இருந்தன. இப்போது எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடச் சொல்லும்படி இல்லை. கடற்கரை ஓரத்து ஊரூர் குப்பம், மீன், சர்ச், நம் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் — இவ்வளவுதான். ஜாஸ்மினின் அப்பா அந்தோணி உங்கள் விஷயம் பேச முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தார். படகு என்ஜின்களைப் பிரித்துப் பூட்டுகிற கை. ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு வாசல் பக்கம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினேன். நீ உள்ளே போய்விட்டாய். நீ கோபத்தில் போனாய் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்ததும், மூன்று மாதம் இந்த ஹால்தான் உலகம் என்று ஆகிவிட்டது. அவளுடைய பாட்டெல்லாம் ஏதோ ஒரு பென் டிரைவில், உன் சின்ன வயசு வீடியோ வேறொன்றில், போட்டோக்கள் யாருடைய பழைய போனிலோ. நீதான் சொன்னாய்: "என் பழைய கம்ப்யூட்டர் பரண்ல தூங்கறதேப்பா. அதை டிவியோட சேர்த்துடலாம். பாட்டு, வீடியோ, போட்டோ எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டா அம்மா உட்கார்ந்த இடத்துல எது வேணா பார்க்கலாம்." எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒயரோடு வாழ்ந்தவன் நான். ரிட்டயர் ஆன பிறகு யாரும் என்னை ஒரு ஸ்க்ரூ திருகச் சொல்லவில்லை. நீ வீடியோ காலில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பழைய விண்டோஸை எடுத்துவிட்டு, படமும் பாட்டும் போடுவதற்கென்றே இருக்கிற அந்த இலவச மென்பொருளை நானே ஏற்றினேன். திரையில் பெரிய பெரிய எழுத்தில் 'வீடியோ', 'பாட்டு', 'படங்கள்' என்று வந்தபோது அம்மா கைதட்டினாள்.

பத்தாவது நிமிஷம் பட்டென்று அணைந்துவிட்டது.

அடுத்த மூன்று நாள் நான் அதோடு மல்லுக்கட்டினேன். ஒயரை மாற்றினேன், ப்ளக்கை மாற்றினேன், மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டேன். போட்டால் பத்து நிமிஷம், அதற்குமேல் இல்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "இந்த மாடலுக்கெல்லாம் ஒண்ணும் பண்ண முடியாது சார், எடைக்குப் போட்ருங்க" என்றார். நீ சொன்னாய், "ஜாஸ்மினோட அப்பாகிட்ட காட்டேன்பா. எதைக் கொடுத்தாலும் ரிப்பேர் பண்ணிடுவார்." எனக்குச் சுருக்கென்றது. "படகு என்ஜின் பார்க்கறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றேன். நீ மேலே பேசவில்லை. நீ அந்த மாதிரிப் பேசாமல் இருக்கும்போதெல்லாம், என்னை நன்றாகத் தெரிந்தவர்கள் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது.

சனிக்கிழமை காலை காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால் அந்தோணி. தோளில் ஒரு டூல் பை. தலைமுடி ஈரமாக இருந்தது. உள்ளே வராமல் மிதியடியிலேயே நின்றுகொண்டு, "குளிச்சிட்டுதான் வந்தேன் சார்" என்றார்.

நான் கேட்கவில்லை, ரகு. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் ஒரு மனுஷனுக்கு முதலில் சொல்லத் தோன்றியது அதுதான். இரண்டு வருஷத்தில் நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

"நான்தான் வரச் சொன்னேன்" என்று ஹாலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "மூணு நாளா அதைத் திறந்து மூடிண்டே இருக்கேள். உள்ள வாங்கோ சம்பந்தி மாமா. நான் சொன்னதைக் கொண்டுவந்தேளா?"

"எடுத்தாந்தேன்மா" என்று சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

அது என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உடனே திறந்து பார்ப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. டாக்டர் மாதிரி கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"போட்டா எவ்ளோ நேரம் ஓடுது சார்?"

"பத்து நிமிஷம்."

"நின்னதும் உடனே திரும்பப் போட்டா?"

"ரெண்டு நிமிஷம்கூட ஓடாது."

"ஆற வெச்சுப் போட்டா?"

"மறுபடியும் பத்து."

"அப்ப சூடுதான் சார். வேற ஒண்ணும் இல்ல" என்றார். "நம்ம போட் என்ஜின்ல தண்ணி ஏறலன்னா இதே கததான். கொஞ்ச தூரம் போய்க்கினே இருக்கும், அப்பறம் நின்னுடும். அதுக்குத் தண்ணி, இதுக்குக் காத்து. காத்து போற வழி எங்கயோ அடச்சிக்கினு கீது."

மூடியைக் கழற்றினார். மூன்று நாளாக நானும் அதே மூடியைத்தான் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளே சுற்றுகிற அந்தக் காற்றாடியைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவர் தூக்கினார். அதற்குக் கீழே அலுமினியத் தகடுகளுக்கு நடுவே, பத்து வருஷத் தூசி மெத்தை மாதிரி படிந்து கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு தகடாகச் சுத்தம் பண்ணினார். கடைசியில் அந்தத் தகட்டுக் கட்டியைக் கழற்றினார். உள்ளே புராசசர் மேல் ஏதோ சுண்ணாம்பு மாதிரி காய்ந்து உதிர்ந்தது. "இது இன்னா சார்?" என்று என்னைப் பார்த்தார். எனக்கு அது தெரியும். எக்ஸ்சேஞ்சில் இப்படிச் சூடாகிற சாமான்களுக்கெல்லாம் தடவுவோம். "சூட்டை இழுக்கற பேஸ்ட். காஞ்சுபோச்சு, புதுசு தடவணும்" என்றேன். "அப்ப வாங்கிட்டு வந்துடலாம் வாங்க" என்று எழுந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, எனக்கும் ஒன்று தெரிந்திருந்ததே என்று.

அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து லஸ் பக்கம் கடைக்குப் போனோம். வேகத்தடை வந்தபோது அவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. திரும்பி வந்து நம் ஃபிளாட் கேட்டில் இறங்கும்போது, இரண்டாவது மாடிக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "யாரு சார், மெக்கானிக்கா?" என்று கேட்டார்.

"ஆமா. கம்ப்யூட்டர் பார்க்க வந்திருக்கார்" என்றேன்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் மற்றதையெல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். அந்தோணி காதில் அது விழுந்தது. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு நிமிஷம் குனிந்தபடியே இருந்தார். அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி எனக்கு முன்னால் படியேறினார். நீயும் இப்போது வேறு ஊரில், வேறு மனிதர்கள் நடுவில் இருக்கிறாய். நாளைக்கு உன் பக்கத்தில் நிற்கிறவரை யாரென்று யாராவது கேட்பார்கள். அப்போது சட்டென்று வாயில் வருவதைப் பற்றி ஜாக்கிரதையாக இரு. யோசித்துப் பேசினால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். யோசிக்காமல் வந்ததால்தான் அது என் உள்ளே இருந்தது என்று தெரிந்தது.

பேஸ்ட் தடவி எல்லாவற்றையும் பூட்டிப் போட்டோம். பத்து நிமிஷம் ஆயிற்று. மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினைந்து, இருபது. அணையவில்லை. அந்தோணி மேலே கை வைத்துப் பார்த்து, "ஜில்லுனு கீதும்மா" என்றார். அம்மா உடனே, "அப்போ அந்த பென் டிரைவைப் போடுங்கோ" என்றாள்.

அதுதான் அவர் சட்டைப்பையில் இருந்தது. உன் கல்யாண வீடியோ. இந்த வீட்டில் அது இரண்டு வருஷமாக ஓடியதில்லை. என் முன்னால் போட்டுப் பார்க்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. எனக்குத் தெரியாமல் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் திட்டம் போட்டுத்தான் வரவழைத்திருக்கிறாள். எழுந்து உள்ளே போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் படம் வந்ததே தவிர சத்தம் வரவில்லை. அது என் தொழில். டிவியைத் திருப்பி, பின்னால் எந்த ஓட்டையில் ஒயரைச் செருக வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். சத்தத்தைச் சரிபண்ணுகிற சாக்கில் அங்கேயே இருந்தேன்.

டிவிக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டித்தான் உன் கல்யாணத்தை நான் பார்த்தேன். நீ கோட்டு போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தாய். ஜாஸ்மின் சிரித்துக்கொண்டே இருந்தாள். மேடையில் ஒரு பக்கம் அவள் அப்பா, அம்மா. இன்னொரு பக்கம் உன் அம்மா மட்டும். போட்டோக்காரர் அவள் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் காட்டி ஏதோ கேட்கிறார். அம்மா தலையைக் குனிந்துகொள்கிறாள். நான் ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். இந்த இரண்டு வருஷத்தில் அவள் எனக்கு அதைச் சொன்னதே இல்லை.

அடுத்து ரிசப்ஷன் மண்டப வாசல். வருகிறவர்களை அந்தோணி கும்பிட்டு வரவேற்கிறார். அவர் தம்பி சேவியர் வந்து கையை வீசி ஏதோ கேட்கிறார், நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தோணி விரலை நீட்டிக் கோபமாகப் பேசுகிறார். என்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், நியாயம்தானே என்றும் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நான் ஒயரைச் சரியான ஓட்டையில் செருகிவிட்டேன் போலிருக்கிறது. ஹால் முழுக்கச் சத்தம் பீறிட்டுக்கொண்டு வந்தது.

"...இன்னொரு வாட்டி அவரப் பத்தி வாயத் தொறந்த, அண்ணன் தம்பின்னு பார்க்க மாட்டேன்" என்றது அந்தோணியின் குரல்.

அம்மா கீபோர்டில் எதையோ அழுத்திப் பின்னால் ஓட்டினாள். இப்போது முதலிலிருந்து கேட்டோம்.

"உன் சம்மந்தி எங்க? நம்ம ஆளுங்க இருக்கற எடத்துல கால் வெக்க மாட்டாரா அவரு?" என்றார் சேவியர்.

"டேய், மனுசன் நூத்தி மூணு டிகிரி ஜொரத்துல கெடக்குறாரு. வந்தே தீருவேன்னு சட்டையெல்லாம் போட்டுக்கினு கெளம்பிட்டாரு. நான்தான் வூட்டுக்கே போய் கையப் புடிச்சு, வராதீங்க சார்னு படுக்க வெச்சிட்டு வரேன். இன்னொரு வாட்டி அவரப் பத்தி..."

அம்மா நிறுத்தினாள். அவளுக்கும் இது புதிது. ரிசப்ஷனில் அவள் மேடைப் பக்கம் இருந்திருக்கிறாள். அந்தோணி வாட்ச்சைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். இந்த இடம் வீடியோவில் இருக்கிறது என்பதை அவரே மறந்திருக்க வேண்டும். டிவிக்குப் பின்னாலிருந்து வந்து தரையில், அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"எனக்காக ஏன் அப்படிச் சொன்னேள்?" என்று கேட்டேன்.

"உங்களுக்காகச் சொல்லல சார்" என்றார். "தப்பா நெனைக்காதீங்க. என் பொண்ணு அன்னிக்கு அழக் கூடாது. அதுக்குத்தான் சொன்னேன். உங்க மேல எனக்கு அவ்ளோ கோவம் இருந்துச்சு. வூட்டுக்கு வந்தேன்னு சொன்னேன் பாருங்க, அது மட்டும் நெசம். சர்ச்சுல முடிஞ்சதும் மூணு மணிக்கு வந்தேன். கால்ல வுழுந்தாவது இட்டாந்துடலாம்னு வந்தேன். பூட்டு தொங்கிச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஜொரக்காரர் வூட்ல எதுக்கு சார் பூட்டு தொங்குது? ஒருவேள ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரோன்னு மனசத் தேத்திக்கினு கொஞ்ச நேரம் படில குந்தினேன். அப்பறம் போய்ட்டேன். இத்த நான் யார்கிட்டயும் சொல்லல. என் பொண்ணுகிட்ட கூட. எங்க சார் போயிருந்தீங்க?"

சொன்னேன். ரயிலைச் சொன்னேன். திருவான்மியூரில் ஒவ்வொரு தடவையும் கதவுப்பக்கம் போய் நின்றதைச் சொன்னேன். "கோவத்துல வரலைன்னுதான் ரெண்டு வருஷமா எனக்கே சொல்லிண்டிருந்தேன். நிஜம் அது இல்லை. அத்தனை பேருக்கு நடுவுல உங்க பக்கத்துல எப்படி நிக்கறதுன்னு பயம். கீழ கேட்ல உங்களை மெக்கானிக்னு சொன்னேனே, அதே பயம். என்னை மன்னிச்சுடுங்கோ" என்றேன். அறுபத்தெட்டு வயசில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது முதல் தடவை. உன்னிடம்கூட நான் கேட்டதில்லை.

அவர் உடனே, பரவாயில்லை சார் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக நான் அவரை மதிக்கிறேன். ரொம்ப நேரம் தன் டூல் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "வலிச்சுது சார்" என்றார். "அன்னிக்கும் வலிச்சுது, இப்ப கீழயும் வலிச்சுது." அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். கொஞ்சம் பொறுத்து அவரே, "அதுக்காக நாளெல்லாம் ரெயில்லயா சார்? டிக்கெட்காரன் கேக்கலயா?" என்றார். அம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அவர். அப்புறம் நானும். ரகு, அந்தச் சிரிப்பு வந்தபோது என் மார்பிலிருந்து ஏதோ இறங்கியது. எவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்பது இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் கல்யாணத்தையும் பார்த்தோம். ஒவ்வொருவராகக் காட்டி, இவர் யார், அவர் யார் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா அவரை இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். வெண்டைக்காய் சாம்பார், அப்பளம். இரண்டாம் தடவை சாதம் நான் பரிமாறினேன்.

கீழே வழியனுப்பப் போனபோது இரண்டாவது மாடிக்காரர் மறுபடியும் அங்கே நின்றுகொண்டிருந்தார். "ரிப்பேர் ஆச்சா?" என்றார். "ஆச்சு. இவர் என் சம்பந்தி. என் மாட்டுப்பொண்ணோட அப்பா" என்றேன். அவர் முகம் போன போக்கைச் சொல்லி உன் நேரத்தை வீணாக்க மாட்டேன். என் குரல் நடுங்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

உனக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. போக வேண்டிய இடத்துக்குப் போய்விடு. கோபம் இருந்தால் கோபத்தோடேயே போ. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மூலையில் உட்கார். அதை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். வராமல் இருந்துவிட்டால், நீ நிற்க வேண்டிய இடத்தை வேறு யாரோ ஒரு நல்ல மனுஷர் பொய் சொல்லி மூட வேண்டியிருக்கும். உன் அம்மா குனிந்த தலையை நான் இனி எத்தனை தடவை வீடியோவைப் பின்னால் ஓட்டினாலும் நிமிர்த்த முடியாது.

போன புதன்கிழமை சாயங்காலம் நான் ஊரூர் குப்பத்துக்குப் போனேன். அம்மாவால் நடக்க முடியாது என்பதால் தனியாக. பெசன்ட் நகர் பஸ்ஸில் இறங்கி, சந்துக்குள் வழி கேட்டுக் கேட்டுப் போனேன். படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அந்தோணி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் ஸ்பானர் மண்ணில் விழுந்தது. அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டார்கள். போகிற வருகிறவர்களிடமெல்லாம் அவர், "சம்மந்தி. மயிலாப்பூர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜாஸ்மின் அம்மா டீ கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் சேவியர் வந்தார். வீடியோவில் பார்த்ததைவிட ஆள் உயரம். வணக்கம் சொன்னார், ஆனால் உட்காரவில்லை.

நான் எழுந்து நின்றேன். "சேவியர், கல்யாணத்தன்னிக்கு எனக்கு ஜுரம் இல்லை. நான் வேணும்னுதான் வரலை. உங்க அண்ணா தன் பொண்ணு அழக் கூடாதுன்னு உங்ககிட்ட பொய் சொல்லி, உங்களையே திட்டிட்டார். நீங்க கேட்டது சரியான கேள்வி" என்றேன்.

"இன்னாத்துக்கு சார் இப்ப அத்த..." என்று அந்தோணி பதறினார்.

சேவியர் என்னையே பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார். "எனக்கு அப்பவே தெர்யும் சார்" என்றார். "எங்கண்ணன் பொய் சொன்னா கத்துவான். நெசம்னா மெதுவா பேசுவான். அன்னிக்கு அந்தக் கத்து கத்தனான்." ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "நல்லவேள, நீங்களே வந்து சொன்னீங்க" என்றார்.

கடல் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. பிறகு மூன்று பேரும் என்ன பேசினோம் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. டீசல் விலை, உன் வேலை, ஜெர்மனிக் குளிர். எதைப் பேசினாலும் யோசித்துப் பேச வேண்டியிருக்கவில்லை. திரும்பும்போது அந்தோணி ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார்.

இன்னும் ஒருத்தி பாக்கி. இந்தக் கடிதத்தை ஜாஸ்மினுக்குப் படித்துக் காட்டாதே. நீ உன் பாணியில் மெருகேற்றிச் சொல்லவும் வேண்டாம். அவள் தொட்டுப் பார்த்த நெற்றி என்னுடையது. நான்தான் அவளிடம் சொல்ல வேண்டும். நீ இதைப் படித்து முடித்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நான் கூப்பிடுகிறேன். போனை அவளிடம் கொடுத்துவிட்டு நீ வேறு அறைக்குப் போய்விடு. அவள் கோபப்பட்டால் நடுவில் வராதே. எவ்வளவு நேரமானாலும் நான் வைக்க மாட்டேன்.

அப்பா